முப்பத்தொன்றாம் தலைமுறை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. எனக்கு ஒன்றுமில்லை. போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அலுவலக மின்னஞ்சலில் கேட்டால் அது நாளைக்கு ஆவணமாகிவிடும். நமக்குள் இருக்கட்டும் என்றுதான் தபால்.

நான்கு வருடத்துக்கு முன்னால் உன் விலங்குக்கூடத்திலிருந்து பன்னிரண்டு ஜோடி எலிகளைக் கொண்டுவந்தேன் இல்லையா, அவற்றின் வாரிசுகளில் மூன்றின் மரபணுவை எழுத்து விடாமல் படிக்கக் கொடுத்திருந்தேன். ஆய்வக எலி வம்சங்களுக்கென்று இணையத்தில் ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. எலி வளர்க்கும் கூடங்கள் தங்கள் வம்சத்தின் மரபணு வரிசையை அதில் ஏற்றுகின்றன. யார் வேண்டுமானாலும் தங்கள் எலியை அதோடு வைத்துப் பார்க்கலாம். நம்முடையதை ஏற்றுவதற்கு முன் நானும் வைத்துப் பார்த்தேன்.

பொருந்தவில்லை அக்கா.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தெளிவாகிறது. நம்முடையவை உப்பு எலிகள். உப்புத் தண்ணீர் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், சில மாதத்தில் சிறுநீரகம் கெட்டுவிடும். கூடப்பிறந்தவற்றையே ஜோடி சேர்த்துச் சேர்த்து வளர்த்த வம்சம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இருக்கக்கூடாது. என் மூன்று எலிகளிலும் மூன்றில் ஒரு பங்கு வேறு எலி. எது என்றும் தரவுத்தளமே காட்டுகிறது: உன் கூடத்தில் பக்கத்து அறையில் வளர்கிற சாதாரண வெள்ளை எலி, நோய் நொடி எதுவும் இல்லாதது.

என் பெயர் வெளியே தெரிந்ததே எதனால் என்று உனக்குத் தெரியும். நம் உப்பு எலிகளுக்கு மட்டும் அழுத்தம் ஏறினாலும் சிறுநீரகம் கெடவில்லை. அதைக் காப்பாற்றுகிற மரபணுப் பகுதி இதுதான் என்று நான் எழுதினேன். அதை நம்பி ஒரு மாத்திரை செய்தார்கள். இன்றைக்கு நாற்பது நோயாளிகள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உன்மேல் சந்தேகம் இல்லை. இங்கேயே, மரபணு எடுக்க வால் நுனி போட்ட குழாய் மாறியிருக்கலாம். இருபத்தெட்டாம் தலைமுறை முதல் முப்பத்துநான்கு வரை பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பு. எனக்கு அது போதும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்
வாலு

*

பிப்ரவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை வாங்கினது உன் அத்தான்தான். "என்னடி, தங்கச்சி தபால் போட்டிருக்கா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்றார். எலி விஷயம் என்றேன். "எலிக்கா இவ்வளவு தடிமனான உறை?" என்று சிரித்தார்.

அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போய் வந்த அன்று பேச மாட்டார், மறுநாள் இரண்டு நாளைக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். எல்லாம் மூன்று மாதமாகத்தான். உன் மாத்திரைப் பரிசோதனையில் சேர வேண்டும் என்று போன வருடம் விண்ணப்பமெல்லாம் நிரப்பி வைத்திருந்தாரே, நான்தான் வேண்டவே வேண்டாம் என்று பிடுங்கி வைத்துவிட்டேன். புதிதாக எதைக் கொடுத்தாலும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இப்போதும் அதைச் சொல்லிக் குத்திக்காட்டுவார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பழைய பதிவேடுகள் எல்லாம் கீழ்க்கிடங்கில் இருக்கின்றன. சாவி மேலாளரிடம். அவர் விடுப்பில் இருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கூண்டு கழுவுகிற கை என்னுடையது. எலி மரத்தூளைக் கிளறுகிற சத்தத்தை வைத்தே அதற்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்வேன். என்னை விட்டுவிட்டு ஒரு மெஷின் சொல்வதை நம்புகிறாயா? அதற்குள் என்ன போட்டார்களோ, யார் எலி வாலை யார் எலி வாலோடு போட்டார்களோ. நீயே குழாய் மாறியிருக்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறாய். அப்படியே வைத்துக்கொள்.

அதை இணையத்தில் ஏற்றியே ஆக வேண்டும் என்று யாராவது கழுத்தைப் பிடிக்கிறார்களா? பேசாமல் விட்டுவிடேன். நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை நாமே எதற்குக் கிளற வேண்டும்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

மேலாளர் விடுப்பில் இல்லை. நேற்று அவரோடு பேசினேன். கிடங்குச் சாவி எப்போதும் உன் கொத்தில்தான் இருக்கிறதாம்.

வேறு ஐந்து எலிகளை வேறு இடத்தில் கொடுத்துத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அதே முடிவு. பிறகுதான் எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. மாணவியாக இருந்தபோது ஒவ்வொரு தலைமுறையிலும் நான்கைந்து எலிகளின் வால் நுனியை வெட்டி உறைய வைப்பேன். என் பழைய வழிகாட்டி அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. அனுப்பிவைத்தார். நீ சுற்றிக் கொடுத்த பிளாஸ்திரியில் என் கையெழுத்து இருந்த குழாய்கள்.

இருபத்தொன்பது, சுத்தம். முப்பது, சுத்தம். முப்பத்தொன்று, சரிபாதி வேறு எலி.

பாதி என்றால் உனக்குப் புரியும். அம்மா உப்பு எலி, அப்பா பக்கத்து அறை.

அந்த வருடம் கோடை விடுமுறையில் ஏசி நின்றுபோனது எனக்கு நினைவிருக்கிறது. நிறைய எலிகள் செத்தன, மிச்சத்தை வைத்துக் கூட்டத்தைத் திரும்பப் பெருக்கிவிட்டேன் என்றாய். அதற்காக இயக்குநர் உனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். முப்பத்தொன்றாம் தலைமுறைப் பக்கத்தின் நகல் என் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. பத்து வருடமாக என் அலமாரியில் இருந்ததை நேற்றுதான் பார்த்தேன். ஏழு வாரப் பதிவு. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல்கூட இல்லை. நீ எழுதினால் வாரத்துக்கு மூன்று அடித்தலாவது இருக்கும். அது உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சில் எழுதிய பக்கம்.

நான் தரவுத்தளத்தில் எதையாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அதை நீ சொல்லி எழுத விரும்புகிறேன். பதினைந்து நாள் காத்திருக்கிறேன்.

என்ன செய்தாய்?

தங்கை

*

மார்ச் 27

வாலு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும், உனக்கு அது பிடிக்குமே.

சனிக்கிழமை எப்போதோ ஏசி நின்றிருக்கிறது. திங்கள் காலை நான் கதவைத் திறந்தபோது அடுப்பின் மேல் குனிந்த மாதிரி முகத்தில் அடித்தது. எழுபத்தெட்டுக் கூண்டு. ஒரு சத்தமில்லை. அந்த அறையில் சத்தம் இல்லாமல் நான் ஒருநாளும் நின்றதில்லை. தண்ணீர்க் குழாயில் வாயை வைத்தபடியே கிடந்தன. கதவோரம் கீழ்த்தட்டில் மட்டும் மூன்று கூண்டில் அசைவு தெரிந்தது. மூன்றும் பெண். ஆண் ஒன்றுகூட இல்லை.

நீ ஆய்வேடு கொடுக்க ஒன்றரை வருடம்தான் இருந்தது. ஐந்து வருட வேலை. இந்த எலி இந்த நாட்டில் வேறு எங்கேயும் இல்லை என்று உன் வழிகாட்டி பெருமையடித்துக்கொள்வார். ஆண் இல்லையென்றால் அந்த மூன்றோடு வம்சம் முடிந்தது. நீயும் முடிந்தாய். நான் பக்கத்து அறைக்குப் போய் ஒரு வெள்ளை ஆணை எடுத்துவந்தேன். பார்க்க எல்லாம் ஒன்றுதான்.

பிறந்த மகன்களைத் தாய்களோடு சேர்த்தேன். பிறகு அந்தக் குட்டிகளையே ஒன்றோடொன்று சேர்த்தேன். நீ அளந்து எழுதிவைத்த ரத்த அழுத்தத்தைப் பார்த்து, எதற்கு அதிகமோ அதை மட்டும் வைத்துக்கொண்டேன். நாலைந்து தலைமுறையில் அழுத்தம் பழையபடி ஏறியது. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்றே நம்பினேன். சிறுநீரகத்தை நான் பார்க்க முடியுமா? அதை அறுத்துப் பார்த்தது நீ. "அக்கா, இதுங்களுக்கு மட்டும் கிட்னி கெடவே இல்ல, அதிசயமா இருக்கு!" என்று ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குதித்தாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்வேன்?

எல்லாம் உனக்காகத்தான் செய்தேன். அம்மா போன பிறகு உனக்கு யார் இருந்தார்கள்?

தயவுசெய்து ஏற்றாதே. உன் எலிகளை மெல்ல நிறுத்திவிடு, நான் இங்கே நிறுத்திவிடுகிறேன். நோய் வந்து செத்தது என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு வருடத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

அக்கா

*

ஏப்ரல் 8

நீ அந்தக் கடிதத்தை எழுதிய அன்றைக்கே நான் ஏற்றிவிட்டேன். கெடு முந்தின நாள் முடிந்திருந்தது. மூன்று எலிகளின் முழு வரிசையும், பழைய வால் நுனிகளின் வரிசையும், ஒரு குறிப்பும். மாத்திரைப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். என் கட்டுரைகள் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நான் என்ன கண்டுபிடித்தேன் என்று இப்போதாவது புரிகிறதா அக்கா? எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆரோக்கியமான எலிக்குச் சிறுநீரகம் ஆரோக்கியமாக இருக்கும் என்று கண்டுபிடித்தேன். நோயாளி எலிக்குள் நீ பாதி நல்ல எலியைக் கலந்தாய். நான் அந்த நல்ல பாதியைப் பார்த்து அதிசயம் என்றேன். மேடையேறிச் சொன்னேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். நீயும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினாய்.

இதையெல்லாம்கூட ஒரு மாதிரி விழுங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நீ பயந்தாய், மறைத்தாய், மறைத்ததை மறைக்க இன்னும் மறைத்தாய். பிறகு உன் பிப்ரவரிக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

அத்தானை ஏன் பரிசோதனையில் சேர விடவில்லை?

அவர் உடம்புக்குப் புதிது ஒத்துக்கொள்ளாது என்றாய். எந்த மருந்தும் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் நான் பார்த்ததில்லை. அந்த மாத்திரையில் ஒன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். உலகத்திலேயே உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். உன் புருஷன் கையிலிருந்து விண்ணப்பத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மற்ற நாற்பது பேரைப் போக விட்டாய்.

அந்த நாற்பது பேரில் ஒருவர் பேருந்து ஓட்டுநர். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவருக்கு இடம் இருந்தது. எங்கள் பரிசோதனையில் சேர்வதற்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார். நான் கொடுத்த விளக்கத் தாளைப் படித்துவிட்டுத்தான் விட்டுக்கொடுத்தார். இப்போது வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

இனி 'உனக்காக' என்ற வார்த்தையை எனக்கு எழுதாதே.

*

ஏப்ரல் 22

தங்கைக்கு,

நீ ஏற்றிய பக்கத்தை உன் கடிதம் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன். கூடத்தில் யாரோ அச்செடுத்து, கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கை கழுவிக்கொண்டே படித்தேன். குழாயை மூட மறந்துவிட்டேன். பின்னால் நின்றவள்தான் மூடினாள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாததையும் சொன்னேன். அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குத்தான் பணி. வந்து பார்த்ததாக வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் அத்தானோடு கடற்கரைக்குப் போயிருந்தேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் தடவை. இரண்டு நாளும் சிரித்துக்கொண்டே இருந்தோம். ஆக, உனக்காக மட்டும் செய்யவில்லை. வேலை போய்விடும் என்று எனக்காகவும் செய்தேன். அதை எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

அத்தானிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். மறைக்கிற தெம்பு இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "அப்ப மத்தவங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் என்னவோ சொன்னேன். "இல்ல, நான் கேட்டது அது இல்ல. அவங்க வீட்டுலயும் ஒருத்தி இருப்பாள்ல?" என்றார். அன்றிலிருந்து டயாலிசிஸுக்குத் தனியாகப் பேருந்தில் போகிறார். துணைக்கு வருகிறேன் என்றால், "வேணாம், உனக்கு வேலையிருக்கும்" என்கிறார். எனக்கு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

வம்சத்தை முடித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்று அறுபத்து நான்கு எலிகள். வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்கிறோம் என்றார்கள். அது மட்டும் வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். கூண்டு கூண்டாக எடுத்து, வாயுப் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றும் அடங்கியதா என்று தொட்டுப் பார்த்தேன். அவற்றின்மேல் ஒரு தப்பும் இல்லை. அதுதான் என் கடைசி நாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்று சொன்னவள், பதில் வர நான்கு நாள் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அதைக்கூட விடு.

குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'இக்கலப்பு ஆய்வாளருக்குத் தெரியாமல் விலங்குக்கூடப் பொறுப்பாளரால் செய்யப்பட்டது.'

அந்தத் திங்கட்கிழமை காலை எனக்குப் பின்னால் வாசலில் வந்து நின்றது யார்? நான் போன கடிதத்தில் உன்னை எழுதாமல் விட்டேன். உன்னை இழுக்க வேண்டாம் என்று விட்டேன். மூன்று கூண்டையும் நீதான் குனிந்து பார்த்தாய். "மூணும் பொம்பளையா?" என்று கேட்டது நீ. பத்து நாள் கழித்து வந்து, கூண்டுக்குள் ஆண் எலியைப் பார்த்துவிட்டு, "இது எங்கேருந்து வந்துச்சுக்கா?" என்றாய். நான், "கேக்காதே" என்றேன்.

நீ கேட்கவில்லை.

குழுவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாமல் என்று மட்டும் எழுதாதே.

அக்கா

*

மே 14

அக்கா,

உன் கடிதத்தை முதலில் பொய் என்று முடிவு கட்டினேன். பழியில் பங்கு கேட்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே நினைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பிறகு ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது, நீ எழுதாமல் விட்ட இன்னொன்று ஞாபகம் வந்தது. நீ "கேக்காதே" என்றபோது நான் சும்மா இருக்கவில்லை. "சரி" என்றேன். சொல்லிவிட்டுக் கூண்டு அட்டையில் அன்றைய தேதியை எழுதினேன். 

எனக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன். பத்து வருடம் அதன்மேலேயே ஒரு வம்சத்தைக் கட்டினேன்.

குறிப்பைத் திருத்திவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: 'ஆண் எலியின் மூலம் பற்றி ஆய்வாளர் அப்போதே கேட்டார். பதில் கிடைக்கவில்லை. கேட்பதை நிறுத்திக்கொண்டார்.' குழுவுக்கும் அதையே எழுதிக் கொடுத்தேன். என் அறையைக் காலி செய்யச் சொல்லி இந்த மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். உன்னைப் போல எலிகளை நானே முடித்தேன். தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்காகத் தோன்றியிருக்காது, உன் கடிதத்தில் படித்ததால்தான் தொட்டுப் பார்த்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அத்தானைப் போக விடாமல் மற்றவர்களைப் போக விட்டாயே, அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை, இன்னும். நான் நான்கு நாள் பொறுக்காததை நீ மன்னிக்க வேண்டாம். உன் பதில் வந்திருந்தால் என் கை தடுமாறியிருக்கும். அதனால்தான் பொறுக்கவில்லை.

பேருந்து ஓட்டுநரைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவர் எப்படி ஏறி இறங்குகிறார் என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். அவரே கதவைத் திறந்தார். கால் வீங்கியிருந்தது, செருப்புப் போட முடியாமல் துணி சுற்றியிருந்தார். நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றியும், அந்த ஆண் எலியைப் பற்றியும், நான் "சரி" என்றதைப் பற்றியும். விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனைவி நாற்காலி மேலிருந்த துணிமணியை எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றாள்.

அவர் எதிரே கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்.

"அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து பண்ணீங்களா?" என்றார்.

"இல்லீங்க," என்றேன். "சேர்ந்து பண்ணல. அவ தனியா, நான் தனியா."

தங்கை